வசவுக் குடும்பம்

உடைமாற்றும் அறையில், சண்டைக்காகத் தம்பியின் வலது கையைக் கட்டி முடித்து, இடது கையில் துணிப்பட்டையைச் சுற்ற ஆரம்பித்தபோது அக்காவின் போன் அதிர்ந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"உங்கப்பா போயிட்டாரு" என்றது ஆஸ்பத்திரியிலிருந்து கணவனின் குரல்.

"சரிங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் தப்பு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவனிடம் 'ங்க' போட்டதில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் திட்டாமல் பேசியதே இல்லை. சாப்பிடக் கூப்பிடுவதற்கே 'கொட்டிக்க வா' என்பார்கள். இந்தக் குளிர் நாட்டுக்குப் பிழைக்க வந்த புதிதில், இங்கே தினமும் கொலை விழுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். வந்த போலீஸ்காரரும் அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் போனார். அந்த வீட்டுக்குள் மரியாதை நுழைவது, ஊரிலிருந்து சாவுச் செய்தி வரும்போது மட்டும்தான்.

"யாரு, மாமாவா?" என்றான் தம்பி. "என்ன புதுசா 'ங்க'?"

"சிக்னல் சரியில்ல."

அதற்கும் 'ங்க'வுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை. அவள் பட்டையை இழுத்தாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் போர்வை மடித்து மடித்துப் பழகிய கை, சுருக்கம் விழாமல் சுற்றும். அதனால்தான் பயிற்சிக்கார மாஸ்டர் இந்த வேலையை அவளிடம் விட்டிருந்தார். இன்று ஒரு சுற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். எதிரில் குத்துச்சண்டைச் சங்கத்து அதிகாரி, கட்டின்மேல் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சுருக்கம் தெரிந்தாலும் அவிழ்க்கச் சொல்லிவிடுவார்.

காலையில் ஆஸ்பத்திரியில் அப்பா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு சொல்லியிருந்தார். "கடைசி மணி அடிக்கிற வரைக்கும் அந்த எருமைகிட்ட எதுவும் மூச்சு விடாதே. விட்டே, எங்க இருந்தாலும் எந்திரிச்சு வந்து உதைப்பேன்." அப்பாவுக்குச் சளி, வீட்டில் படுத்திருக்கிறார் என்றுதான் தம்பிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அப்பா அவனை மாஸ்டரின் குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்த்ததே அங்கே குளிருக்கு ஹீட்டர் ஓசி என்பதால்தான். சூடு காய வந்தவன், தாராளமாக நிற்க இடம் வேண்டி ஒவ்வொருவராகக் கீழே தள்ளினான். வீடு முழுக்கக் கோப்பைகள் குவிந்து, தண்ணீர் குடிக்கத் தம்ளர் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதெல்லாம் தலைக்கவசமும் பனியனும் போட்டு ஆடிய அமெச்சூர் ஆட்டம். இன்று தலைக்கு ஒன்றும் கிடையாது. கையுறை மெலிசு. எதிராளிக்கு இதுதான் சோறு. தொழில்முறையில் முதல் சண்டையிலேயே இறங்காமல் திரும்பினால், வந்தேறிப் பயலை மறுபடி எவனும் கூப்பிடமாட்டான்.

"இறுக்கமா இருக்காப்பா?" என்று கேட்டாள்.

அடுத்த தப்பு. அவளுடைய உள்ளங்கையில் அவன் விரல்கள் அசையாமல் நின்றன. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்தாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? அந்தத் தண்டச்சோறு மேடையில போய்த் தூங்கும், தலகாணி குடுத்தனுப்புன்னாரு."

"அவ்வளவுதானா?"

"மூஞ்சில விழற குத்துல கொஞ்சமாவது அழகு வருதா பாப்போம்னாரு."

"இன்னும் சொல்லு."

சொன்னாள். சோம்பேறி, தடிமாடு, உதவாக்கரை, அடுப்பில் போட்டாலும் எரியாத ஈரக்கட்டை. மூச்சு விடாமல் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். மொழி தெரியாத அதிகாரி இதைப் பிரார்த்தனை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். முடிந்ததும் பயபக்தியோடு கட்டின்மேல் கையெழுத்துப் போட்டார்.

முதல் சுற்றில் தம்பி கயிற்றோரம் ஒட்டிக்கொண்டே நின்றான். குத்துகள் வெறுந்தலையில் விழும் சத்தம், நடைவழியில் நின்ற அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டது. இரண்டாம் சுற்றில் விழுந்தான். நடுவர் எண்ண ஆரம்பித்தார். தம்பியின் கண் விளக்குகளுக்கு அப்பால் யாரையோ தேடியது.

"எந்திரிடா எருமை!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அது தன் தொண்டையிலிருந்து வந்ததென்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. தம்பி ஒரு முழங்காலை ஊன்றி எழுந்தான். அதற்கப்புறம் எதிராளிக்கு நிற்கத்தான் இடம் கிடைக்கவில்லை. கடைசி மணி அடித்தது. நடுவர் தம்பியின் கையைத் தூக்கினார். மாஸ்டர் தன் வயதுக்குப் பொருந்தாத உயரத்துக்குக் குதித்தார்.

உடைமாற்றும் அறையில் தம்பி பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு கண் மூடியிருந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.

"டேய்..."

"தெரியும். 'சரிங்க'ன்னியே, அப்பவே."

வெளியே அடுத்த சண்டைக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

"அப்பாகிட்ட மாமா தனியாவா இருக்காரு?"

"ம்."

"சட்டையக் குடு."

எழுந்து நின்று போட்டுக்கொண்டான். வீங்கிய விரல்களில் பட்டன் அகப்படவில்லை, நழுவியது, மறுபடி நழுவியது. அவள் கிட்டே வந்து கீழேயிருந்து ஒவ்வொன்றாக மாட்டினாள். கழுத்துப் பட்டனுக்கு வந்ததும் அவன் மோவாயைத் தூக்கிக் காட்டினான். அதைப் போட்டு முடித்த பிறகும் அப்படியே நின்றான்.