அக்கா, கேக்குதா?

தம்பி போனபின் அம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவனைத் தன் ஆபீசில் சேர்த்துவிட்டது அக்காதான். வேலை முடிந்து திரும்பும்போதுதான் லாரி அடித்தது. "நீ வாங்கிக் குடுத்த வேலதான் என் புள்ளய முழுங்குச்சு" என்றது கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தட்டு வைக்கும் ஓசைதான் பேச்சு.

ஒரு காலையில் மட்டும் அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அவன் குரல் எனக்கு மறந்துபோச்சு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வரும் போன்களை எடுத்துப் பேசி, பேச்சைப் பதிவு செய்து வைக்கும் கம்பெனியில்தான் அவளுக்கும் தம்பிக்கும் வேலை. தினமும் வேலையைத் தொடங்குமுன் லைன் சரியாக இருக்கிறதா என்று தம்பி ஏதாவது பேசிப் பார்ப்பான். அதுவும் பதிவாகும். அந்தப் பழைய சர்வரை எடைக்குப் போட்டாயிற்று. அவன் இறந்த வாரத்தில் எடுத்த பேக்கப் மட்டும் ஒரு மூலையில் கிடந்தது. அதில் அவன் குரல் கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அதை ஒரு விஎம்மில் இறக்கி, அதாவது பெரிய சர்வருக்குள் தனிக் கணினிபோல ஓடும் ஒன்றில் வைத்து, எழுப்பிப் பார்க்க அனுமதி கேட்டாள். கூடவே, பேக்கப்புக்கு ஒரு நகல் எடுத்து வைக்க இடமும் கேட்டாள். மேலாளருக்குக் 'கத்தரி' என்று பெயர். எதைக் கேட்டாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் தருவார்.

"செத்தவனுக்கு எதுக்கும்மா ரெண்டு எடம்? இருக்கறதையே தெறந்து பாருங்க. சாயங்காலம் அதையும் காலி பண்ணிடுங்க."

ஆக, இருந்த ஒரே பிரதியையே விஎம்முக்குள் நகர்த்தினாள். எழவில்லை. கருந்திரையில், துவக்க டிஸ்க் இல்லை என்று ஒரே வரி. பழைய சர்வர் பழைய பாணியில் எழுந்து பழகியது, விஎம்மோ புதுப்பாணி. அதை மாற்றினாள். பாதி தூரம் வந்து மறுபடி மயங்கி விழுந்தது. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் கன்ட்ரோலர் அதற்கு அறிமுகமில்லாத வகை.

கத்தரி காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "என்ன, ஒங்க தம்பி இன்னும் தூங்கறாரா? உயிரோட இருந்தப்பவே லேட்டாத்தான வருவாரு." பக்கத்து மேசையில் ஒருவன் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் தும்முவதுபோல் மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

அவள் கன்ட்ரோலரைப் பழைய வகைக்கு மாற்றி இன்னொரு முறை எழுப்பினாள். வரிகள் மளமளவென்று ஓடின. எழுந்துவிட்டது.

சோதனைப் பதிவுகள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தட்டினாள்.

"அக்கா, கேக்குதா? கேக்காத மாதிரி நடிக்காத. ஒன்னத் திட்டினா மட்டும் ஒனக்குப் பாம்புக் காது."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. திரும்பக் கேட்டாள். இன்னொரு தரம். நாலாம் முறை, 'நடிக்காத' என்பதோடு குரல் நின்றது. பிறகு வெறும் மௌனம். நிமிர்ந்து பார்த்தாள். வரிசை கீழிருந்து கரைந்துகொண்டிருந்தது.

அது தம்பியே எழுதிய துப்புரவு நிரல். சர்வர் எழுந்ததும், நாள்பட்ட பதிவுகளைத் தேடி அழிக்கும். வாடிக்கையாளர் பேச்சு யார் கையிலும் சிக்கக்கூடாதென்று, அழித்த இடத்தின் மேலேயே வெற்றெழுத்தை நிரப்பிவிடும்; பிறகு மீட்க வழியில்லை. இன்றைய தேதிக்கு அவன் பேசியதெல்லாம் நாள்பட்டதுதான்.

மின்சாரத்தை வெட்டுவதுபோல் விஎம்மை நிறுத்தினாள். நிரலைக் கட்டிப்போட்டு மறுபடி எழுப்பினாள். ஒன்றும் மிச்சமில்லை. தானாக ஓடும் வேலைகளை முதலில் கட்டிப்போடு, அப்புறம் எழுப்பு என்று புதிதாகச் சேருபவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துபவள் அவள். இன்று அது எழுந்தால் போதும் என்றிருந்துவிட்டாள். எழாமல் கிடந்தவரை அவன் அதற்குள் பத்திரமாக இருந்தான்.

"காலி பண்ணியாச்சா?" என்றார் கத்தரி. பண்ணியாயிற்று என்றாள்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கெடச்சுதா?"

பெற்ற பிள்ளை தன் கையால் எழுதியதே அவன் குரலைத் துடைத்தது என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

"இல்லம்மா. மெஷின் எந்திரிக்கவே இல்ல."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவன் இருந்தா எழுப்பியிருப்பான். ஒனக்கு அந்த அளவுக்கு வேல தெரியாது."

"ஆமாம்மா" என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "அவன் வேலைல குத்தமே சொல்ல முடியாது."