லொரெட்டா விடாத நூறு டாலர்

அமெரிக்காவின் டுலூத் நகரில் லொரெட்டா ஹாகன் நடத்திய பார்லரில் இரண்டாவது நாற்காலியில் நான் வேலை பார்த்தேன். முடி வெட்டுவதாகட்டும், சண்டை போடுவதாகட்டும், அவள் எதையும் அரைகுறையாக விட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அக்டோபரிலேயே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அவள் கணவன் கர்ட்டிஸுக்கு முதுகுவலி. இனி மண்வாரியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசல் பனியை வாரி வீசும் இயந்திரம் வாங்க இருவரும் கடைக்குப் போனார்கள். அவள் விரும்பியதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: பெட்டியின் பார்கோடை வெட்டி, ரசீதோடு தபாலில் அனுப்பினால் நூறு டாலர் திரும்ப வரும். பக்கத்தில் நின்ற இன்னொன்று கொஞ்சம் விலை குறைவு, ஆனால் அதற்கு அந்தத் தள்ளுபடி இல்லை.

"இதையே எடுப்போம்," என்று குறைந்த விலை இயந்திரத்தைத் தட்டினான் கர்ட்டிஸ். "அந்த நூறு டாலர் கதையெல்லாம் ஏமாத்து. பாதிப் பேர் அனுப்ப மறந்துடுவாங்கன்னு தெரிஞ்சுதானே ஒட்டி வைக்கிறான்."

"மறக்கிறவனுக்குத்தான் ஏமாத்து. நான் மறக்கறேனா?"

"உன் கல்யாண நாளையே மறந்தவதானே நீ."

"அதுக்கு எவனும் நூறு டாலர் தரல."

அன்று மாலையே பார்கோடை வெட்டி, எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, தபாலில் சேர்த்தாள். பல வாரம் கழித்து ஓர் அட்டை வந்தது. பார்கோடு இணைக்கப்படவில்லை, கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று இருந்தது.

"விட்டுத் தள்ளு," என்றான் கர்ட்டிஸ். "போன்ல காத்துக் கிடக்கிற நேரத்துல நாலு தலை வெட்டிடலாம்."

"வெட்ட வேண்டாம்னு யார் சொன்னா?"

மறுநாள் அட்டையில் இருந்த எண்ணைப் பார்லர் போனில் கூப்பிட்டு, அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்தரியைக் கையில் எடுத்தாள். காத்திருக்கச் சொல்லி ஒரு சங்கீதம் ஓடிக்கொண்டே இருந்தது. என் நாற்காலியில் தலை முழுக்க முடி சுருட்டும் ரோலரோடு வெர்னா உட்கார்ந்திருந்தாள். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். "இதைக் கேட்டா செத்தவன்கூட எந்திரிச்சு வெளிய போயிடுவான்," என்றாள்.

ஒருவழியாக ஓர் இளைஞன் பேசினான். பார்கோடு இல்லை என்றுதான் திரையில் இருக்கிறது, நகல் செல்லாது, அசல்தான் வேண்டும் என்றான்.

"அசல் உங்ககிட்ட இருக்கு தம்பி. அதை வெட்டின ஓட்டையோட பெட்டி என் கராஜ்ல இருக்கு. அனுப்பி வைக்கட்டுமா? ஆளே உள்ள உக்காரலாம், அவ்வளவு பெரிசு."

அவன் திரையில் இருந்ததையே மறுபடி படித்தான்.

"நீங்க கவரைப் பாத்தீங்களா, திரையைப் படிக்கிறீங்களா?"

"திரையைத்தான் மேடம்."

"அப்போ கவரைப் பாக்கக்கூடிய ஆளைக் கூப்பிடுங்க. நான் அவசரப்படல. இன்னும் ரெண்டு தலை பாக்கி இருக்கு."

மேலதிகாரி வந்தாள். தபால் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கும், பார்க்கிறேன் என்றாள். அவள் சொல்வது கேட்க நான் முடி உலர்த்தியை நிறுத்திவிட்டேன்.

"மன்னிக்கணும். இருக்கு. ரசீதோட பின்பக்கம் ஒட்டியிருக்கீங்க. யாரோ திருப்பிப் பாக்காம விட்டுட்டாங்க."

"திருப்பிப் பாக்கறதுக்கு இவ்வளவு சங்கீதமா?" என்றாள் வெர்னா.

"யாருங்க அது?"

"ரோலர் போட்ட வாடிக்கையாளர்," என்றாள் லொரெட்டா.

எல்லாரும் சிரித்தோம். வெர்னா மட்டும் கண்ணாடியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் அதே அட்டை வந்துது. போன வசந்தத்துல, ஹீட்டருக்கு. என் வீட்டுக்காரர் ராய் தவறிப்போன மாசம் அது. எல்லாம் அவர்தான் அனுப்புவார், நான் தனியா அனுப்பினது அதான் முதல் தடவை. நான்தான் எதையோ தப்பாப் பண்ணிட்டேன்னு நெனச்சுக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

லொரெட்டா கத்தரியைக் கீழே வைத்தாள். அன்று அவள் கை நின்றது அப்போதுதான்.

"வெச்சுடாதீங்க," என்றாள் போனில். "ஹீட்டர் கம்பெனிக்கும் தபால் பிரிக்கிறது நீங்கதானா?"

பல கம்பெனிகளுக்கு அவர்கள்தான். வெர்னா விலாசம் சொன்னாள். அந்தப் பக்கம் தட்டச்சு ஒலித்தது.

"எல்லாம் சரியாத்தான் அனுப்பியிருக்கீங்க, மேடம். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. ரெண்டு பேருக்கும் காசோலை அனுப்பறோம்."

வெர்னா தலையசைத்தாள். ரோலர்கள் ஆடின.

லொரெட்டாவின் காசோலை விளம்பரத் தாள் போலவே வந்தது. கர்ட்டிஸ் அதைக் குப்பையில் போட, லொரெட்டா எடுத்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்ப் பக்கத்து வீட்டு வாசலுக்கும் சேர்த்து இயந்திரத்தால் பனி வாரினான்.

இதற்குச் செலவான நேரத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று பிறகு நான் அவளைக் கேட்டேன்.

"தள்ளுபடிக்காக ஒரு பொருளை வாங்கினா நஷ்டம்தான்," என்றாள். "வேணும்னு நெனச்ச பொருளுக்கு இருந்தா அது என் காசு. என் காசை நான் ஏன் விடணும்?"

வெர்னா தன் காசோலையை மாற்றிய கையோடு பார்லருக்கு வந்தாள். தலைக்குச் செம்பு நிறம் வேண்டுமாம். சர்ச்சில் என்ன சொல்வார்களோ என்றேன். "ஆர்கன் வாசிக்கறப்ப என் முதுகுதானே அவங்க பக்கம். அவங்க மூஞ்சியை நான் பாக்கவா போறேன்?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். நான் சாயத்தைக் கலக்க ஆரம்பித்தேன்.