மூன்றாவது விளக்கு

மூன்றாவது என்று நான் எப்போது சொன்னேன், சொல்லவே இல்லையே, நேற்று கோயில் முன்னால் நின்று தொண்டை வறளப் படித்ததில் அந்த வார்த்தை வந்ததா, சத்தியமாக வரவில்லை... காந்தா ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே நேற்றைய பேச்சை முதலிலிருந்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். முன்னால் முத்தம்மா போய்க்கொண்டிருந்தாள், புளி மூட்டையைக் கீழே ரோட்டில் வியாபாரி வண்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவள், அறுபதைத் தாண்டியவள் மாதிரியா நடக்கிறாள், காந்தாவுக்கு அவளைவிட இருபது வயது குறைச்சல், முட்டி என்னவோ இவளுக்குத்தான் வலிக்கிறது. அங்கன்வாடியில் சத்துமாவு கிண்டிப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிற வேலையோடு இந்தத் தேர்தல் வேலையையும் சேர்த்துக் கட்டினார்களே, கட்டியவர்கள் ஒரு தடவை இந்த ஏற்றத்தில் ஏறிப் பார்த்திருப்பார்களா, எங்கே ஏறப் போகிறார்கள், ஜீப் வருகிற வரைக்கும் வந்து கையைக் காட்டி அதுதானே மேலூர் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ரோட்டில் முத்தம்மா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவள் வலது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டி, மூணாவதுதானே டீச்சர், மறந்துருவேன்னு வழியெல்லாம் சொல்லிக்கினே வந்தேன் என்றாளே, அதைக் கேட்டபின் ஜீப்பில் ஏற முடியுமா.

இன்னா மூணாவது என்று கேட்டதற்கு முத்தம்மா சிரித்தாள், நீதானே காமிச்ச, விரலு மூணாவது பொத்தான் மேல, லைட்டு மூணாவதுக்குத்தான் எரியுது, மத்ததெல்லாம் செத்த லைட்டு, ஊரே கேட்டுக்கிச்சே. அப்போதுதான் காந்தா பையிலிருந்து கையேட்டை எடுத்துப் பிரித்தாள். வீட்டுக்கொன்று கொடுக்கச் சொல்லி வந்த வாக்காளர் கையேடு, வழவழ தாள், கலர் படம். என்ன அடையாள அட்டை கொண்டு வரவேண்டும், வரிசையில் எப்படி நிற்கவேண்டும், நடக்க முடியாதவர்களுக்கு என்ன வசதி, எல்லாம் அதில் இருக்கிறது. எட்டாம் பக்கத்தில் மெஷின் படம், நீலப் பொத்தான்கள் வரிசையாக, மூன்றாவதன் மேல் ஒரு விரல், பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு. வரைந்தவர் மாதிரிக்கு எங்கேயோ ஒரு விரலை வைத்திருக்கிறார், அவருக்கு மூன்று பிடித்த எண்ணோ என்னவோ, குளுகுளு அறையில் உட்கார்ந்து வைத்த விரல் மேலூரில் வந்து ஊன்றிக்கொண்டது. இப்டி அமுக்குனா இப்டி எரியும் என்று படத்தைத் தூக்கிக் காட்டியது மட்டும் காந்தா. அவளுடைய விரல் இல்லை. ஆனால் யார் நம்புவார்கள்?

வீடு வீடாகப் போயிருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் மேலூரில் அப்படிப் போக முடியாது, அங்கே அரசாங்கத் தாள் எதுவானாலும் காளியம்மன் கோயில் முன்னால் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் சின்னராசு ஆளைக் கூட்டி வைக்க, அங்கே படித்துக் காட்ட வேண்டும், முடிந்ததும் அவர் கேட்டுக்கிட்டீங்களா என்பார், எல்லோரும் கேட்டுக்கிட்டோம் என்பார்கள், அவ்வளவுதான், அது ஊர்ப் பேச்சு ஆகிவிடும், அப்புறம் யாரும் மீற மாட்டார்கள். தடுப்பூசிக்கும் அப்படித்தான், ரேஷன் அட்டைக்கும் அப்படித்தான், காட்டில் தீ வைக்கக்கூடாது என்று வந்த தாளுக்கும் அப்படித்தான். காந்தாவுக்கும் அது சௌகரியம்தானே, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு சாமைக் கொல்லை, ஒரு ஓடை... நேற்று கேட்டுக்கிட்டோம் என்று ஒரே குரலில் சொன்னபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அடடா எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்று. கவனமாகத்தான் கேட்டார்கள், கண்ணாலும் கேட்டார்கள், அதுதான் வினை.

மூன்றாவது யார்? வேட்பாளர் பட்டியல் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியதும் அவள்தான், மூன்றாவதில் தையல் மெஷின் சின்னம், சுயேச்சை, கீழ்நாட்டுக்காரர், இந்த மலைக்கு வந்ததே இல்லை, அவர் தப்பு ஒன்றும் இல்லை பாவம். ஆனால் நாளை மறுநாள் தேர்தலில் மேலூர் ஓட்டு மொத்தமும் தையல் மெஷினில் போய் விழுந்தால்? எண்ணும்போது சிரிப்பார்கள், அப்புறம் சிரிக்க மாட்டார்கள், எப்படி விழுந்தது என்று கேட்பார்கள், காந்தா டீச்சர் கோயில்ல சொன்னாங்க என்று மேலூர் கள்ளமில்லாமல் சொல்லும், பெருமையாகக்கூடச் சொல்லும். வேலை போகும். பதினாறு வருஷ வேலை. அதுகூடப் போகட்டும், பொய், போகக் கூடாது, ஆனால் அதைவிட... கோடையில் இரண்டு மைல் இறங்கி வந்து, வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, தங்களுக்கு வேண்டியவரை விட்டுவிட்டு ஒரு படத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி ஏறுவார்களே, அதை நினைத்தால்தான் காந்தாவுக்கு அவமானமாக இருந்தது.

சிக்னல் கிடைக்கிற ஒற்றைப் பலாமரத்தடியில் நின்று சூப்பர்வைசர் ஜீவானந்தத்துக்குப் போன் போட்டாள். அவர் முழுவதும் கேட்டார், சிரிப்பை அடக்குகிறாரோ என்று சந்தேகம் வந்தது. அப்புறம், போய் சரி பண்ணிட்டு வாம்மா, ஆனா ஒண்ணு, மூணாவதை அமுக்காதீங்கன்னு மட்டும் சொல்லிடாத, அது அந்த ஆளுக்கு எதிரா பிரச்சாரம் ஆய்டும், யாரனா வீடியோ எடுத்துட்டா உனக்கும் கஷ்டம் எனக்கும் கஷ்டம். அப்ப இன்னா சார் சொல்றது? எதுனா சொல்லும்மா, நம்பர் சொல்லாம சொல்லு. வைத்துவிட்டார். நம்பர் சொல்லாமல் நம்பரை அழிக்க வேண்டும், நல்ல கதை, சேற்றில் இறங்கு ஆனால் கால் நனையக்கூடாது. முத்தம்மா திரும்பிப் பார்த்து, இன்னாவாம் டீச்சர் என்றாள். ஒண்ணுமில்லீங்க, நடங்க.

கோயில் முன்னால் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள், கொட்டை ஒரு பக்கம் ஓடு ஒரு பக்கமாக. சின்னராசு வந்து உட்கார்ந்தார், வெயிலில் ஆளைக் கூட்டியதில் அவருக்கு அவ்வளவு திருப்தி இல்லை. நேத்தே கேட்டுக்கிட்டமே டீச்சரு, கோயில் மின்னாடி பேசுனதை இன்னிக்கு மாத்துனா நல்லாவா இருக்கும், அப்ப ஊரு தப்பாக் கேட்டுச்சின்றியா? இல்லீங்க, நான் தப்பாக் காமிச்சேன். அதைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தணிந்தது, சரி, அப்ப எத்தனாவதுன்னு சரியாச் சொல்லிட்டுப் போ, ஊரு அதையே போட்டுடும். கும்பிடலாம் போல இருந்தது, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இந்த மனிதர் ஒரு எண்ணைக் கேட்கிறார், நான் எந்த எண்ணைச் சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டால் மூன்று நிற்கும்... செத்த லைட்டு, செத்த லைட்டு என்றாளே முத்தம்மா. அங்கேதானே முடிச்சு. விரல் இல்லை, விளக்கு.

காந்தா புளியங்கொட்டைகளை அள்ளித் தரையில் வரிசையாக வைத்தாள். இதுதாங்க மெஷினு, எதை வேணா அமுக்குங்க. சின்னராசு யோசிக்காமல் மூன்றாவதை அமுக்கினார். லைட்டு எரிஞ்சிச்சு என்றாள் காந்தா. இப்ப வேற எதுனா அமுக்குங்க. அவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கடைசிக் கொட்டையைத் தொட்டார். அதுவும் எரிஞ்சிச்சு. எரியுமா? எரியுங்க, எங்க அமுக்குனாலும் அதுக்குப் பக்கத்து லைட்டு எரியும், படத்துல ஒண்ணுதான் வரைய முடியும்னு ஒண்ணை வரைஞ்சிருக்காங்க. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒருத்தி எழுந்து வந்து முதல் கொட்டையை அமுக்கிவிட்டு, எரிஞ்சிச்சா என்று கேட்டாள், எல்லோரும் எரிஞ்சிச்சு என்று கத்தினார்கள், இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி, பிள்ளைகள் விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. சின்னராசு மட்டும் சிரிக்கவில்லை. அப்ப ஊர்ப் பேச்சு? ஊர்ப் பேச்சு இன்னான்னா, அவங்கவங்க இஷ்டம், அதாங்க என்றாள் காந்தா. அதைக் கேட்டுக்கிட்டீங்களான்னு நான் எப்டிக் கேக்கறது என்றார் அவர், நிஜமாகவே வருத்தப்பட்டு, இருந்தாலும் கேட்டார். கேட்டுக்கிட்டோம் என்றார்கள், இந்தத் தடவை ஒரே குரலாக இல்லை, முன்னும் பின்னுமாக வந்தது.

கிளம்பும்போது முத்தம்மா முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். இவ்ளோ நாளும் எங்க வூட்டுக்காரரு சொல்வாரு, நான் அமுக்குவேன், போன மழையில அவரும் போய்ட்டாரு, மூணுன்னு நீ சொன்னப்ப அப்பாடான்னு இருந்திச்சு டீச்சரு, இப்ப நான் யாரைக் கேக்கறது? யாரையும் கேக்க வேணாங்க, உங்களுக்குத் தோணுனதுதான். முத்தம்மா அதை மென்று பார்க்கிற மாதிரி வாயை அசைத்தாள். நீ யாரையும் கேக்க மாட்டியா? காந்தா கையேட்டைப் பைக்குள் திணித்தாள், பையின் ஜிப் மாட்டிக்கொண்டது, அதை இழுத்தாள், நேரமாய்ட்டுச்சுங்க, வர்றேன் என்று இறங்கிவிட்டாள்.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம், முட்டி ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்டது. என்ன கேள்வி அது. கேட்பதா, யார் கேட்டார்கள், நான் கேட்டதே இல்லை, வீட்டுக்காரராகத்தான் சொல்வார், ஓட்டுப் போடுகிற அன்றைக்குக் காலையில் சட்டை மாட்டிக்கொண்டே, வரும்போது தீப்பெட்டி வாங்கி வா என்கிற குரலில் சின்னத்தைச் சொல்லுவார், இவளும் சரி என்பாள், அமுக்கிவிட்டு வருவாள், அதில் சண்டையும் இல்லை வருத்தமும் இல்லை, ஓட்டு என்றால் அப்படித்தான் என்று... எத்தனை தேர்தல், முதல் ஓட்டு கல்யாணமான வருஷம். அதற்கு முன்னால் மற்றதெல்லாம் அப்பா சொன்னபடி. எட்டாம் பக்கம் வரைக்கும் ஊருக்கெல்லாம் படித்துக் காட்டினாயே, உனக்குப் படித்துக் காட்டியது யார்?

ரோட்டில் அவள் புருஷன் சக்திவேல் ஜீப்போடு நின்றிருந்தான், புதூர்நாட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிறவன், இவளுக்காக ஒரு நடையை விட்டிருக்கிறான். தண்ணீர் பாட்டிலை நீட்டினான். இரண்டு வளைவு தாண்டியதும், கியரை மாற்றிக்கொண்டே, நாளன்னிக்கு நம்ம ஓட்டு என்று ஆரம்பித்தான். நானே பாத்துக்கறேங்க என்றாள். குரல் தேவைக்கு அதிகமாகவே சத்தமாக வந்துவிட்டது. ஒரு சண்டைக்குத் தயாராக முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள், என்ன சொல்வான், உனக்கு என்ன தெரியும் என்பானா, சொல்லட்டும், இன்றைக்குச் சொல்லட்டும்... சக்திவேல் ஒரு தடவை அவளைப் பார்த்தான். பாத்துக்கோ, யாரு வேணாம்னது என்றான், சாதாரணமாக, அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தான்.

யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை. சரி, அப்படியானால் யாருக்கு? பட்டியலில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டு வந்தாள், முதலாமவர், இரண்டாமவர், தையல் மெஷின்காரர், அதற்கடுத்தவர்... யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும், இந்த மலைக்கு யார் என்ன செய்வார்கள், தனக்கு என்ன வேண்டும், முதலில் அது என்ன? ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுப் போட நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.