ஒட்டாமல் வைத்த வீடு

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒரு பெண் பிறந்து வளர்ந்த தெருவை வீடு வீடாக எடுத்து, அவளிடமோ அவளுடைய கணவரிடமோ ஒரு வார்த்தை கேட்காமல், முன்பின் அறியாதவர்களின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குறை இதுதான். அந்தத் தெரு இரண்டு முழ நீளம்கூட இல்லை, வெண்சாந்தால் ஆனது என்று கேட்டவுடன் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் மற்றதையும் கேட்டுவிட்டுப் பிதுக்கட்டும்.

கணவர் பல்செட் செய்பவர். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களுக்குப் பல்வரிசை செய்து கொடுப்பது அவர் தொழில். மாதிரி ரயில் சங்கத்தில் அவருக்குப் பெயர் பல்லுக்காரர். சங்கம் என்பது ஓர் அச்சகத்தின் மேல்மாடிக் கூடம். கூடத்தை அடைத்துக்கொண்டு குதிரை லாடம்போல் வளைந்த ஒரு மேசை; மேசைமேல் தண்டவாளம், பாலங்கள், ஒரு குகைவழி, இரண்டு நிலையங்கள். அங்கே எல்லாமே எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆறடி ஆளும் சுண்டுவிரலின் மேற்கணு உயரம்தான்.

செயலாளரைக் கார்டு என்று அழைப்பார்கள். அவர் ஒருநாளும் ரயில்வேயில் வேலை பார்த்தவரல்லர், காப்பீட்டு முகவர். ஆனாலும் கழுத்தில் ஊதலை மாட்டிக்கொண்டுதான் கூடத்தைத் திறப்பார். அவர் ஊதாமல் ஒரு வண்டியும் நகரக் கூடாது. மற்ற உறுப்பினர்களும் எஞ்சின் பைத்தியங்கள். பல்லுக்காரருக்கோ ஓர் எஞ்சினுக்கும் இன்னோர் எஞ்சினுக்கும் வேறுபாடு தெரியாது. அவர் வீடு கட்ட வந்தவர்.

கட்டியது மனைவியின் தெரு. அவர்களுக்குத் திருமணமான மறு ஆண்டே, சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்தத் தெருவை இடித்துத் தள்ளிவிட்டார்கள். மாப்பிள்ளையாக ஓரிருமுறை போய் வந்தவருக்கு அங்கே நினைவிருந்தது விருந்துச் சாப்பாட்டுக்குப் பிந்திய தூக்கக் கலக்கம் மட்டும். ஆகவே அவள் சொல்லச் சொல்ல அவர் செதுக்கினார். பல் அச்சுக்குக் கரைக்கும் வெண்சாந்தில் சுவர். பல்லுக்கு வடிவு கொடுக்கும் மெழுகுக் கத்தியால் சன்னல். செயற்கை ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பொருளில் கூரை ஓடு. கூரை சிரிக்கிறது என்று கார்டு கேலி செய்தார். மழை பெய்து முடிந்ததும் ஓடு இந்த நிறத்தில்தான் இருக்கும் என்று அவள் சாதித்தாள்.

வேலைமேசைக்கு எதிரே அமர்ந்து அவள் பிடித்த பிடியில் அவருக்குப் பல இரவுகள் சோறு ஆறிப்போனது. சன்னல் கட்டை இன்னும் கொஞ்சம் கீழே. வாசற்கதவு நடுவில் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கி. கைப்பிடிச் சுவரின் மூலை உடைந்திருக்க வேண்டும். முழுசாக இருந்தால் அது அவள் வீடே இல்லையாம்.

"படி உள்ள இல்லைங்க, வெளியே. மழை பேஞ்சா நனைஞ்சுக்கிட்டேதான் மாடிக்குப் போகணும். எங்கப்பாவுக்குக் கட்டுறதுக்கு முன்னாடி யோசனையே வராது. கட்டி முடிச்சப்புறம்தான் வரும்."

தெரு முடிந்து மேசையின் பின்கோடியில் போய் அமர்ந்த காலத்தில்தான் அவளுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கின. முதலில் சாமான்களின் பெயர், பிறகு மனிதர்களின் பெயர். மாலையானால் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பாள்.

"வீட்டுக்குப் போகலாங்க."

இதுதான் வீடு என்று அவர் சொன்னால் அழுவாள். பொழுதைப் போக்குவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு அழைத்துப்போனார். அவள் யாரையும் கேட்காமல் மேசையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். வெளிப்படி வைத்த மாடிவீட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். கூரையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"வந்துட்டோம்," என்றாள்.

அதன்பிறகு அவள் பேசினாளே, அப்படி அவள் பேசி அவர் மாதக்கணக்கில் கேட்டதில்லை. கம்பவுண்டர் வீடு, மாத்திரையை உடைத்து அரையும் காலுமாகக் கொடுக்கும் கஞ்சன். அடுத்தது கணக்கு டீச்சர் வீடு. டீச்சர் ஊதுகிற மவுத்தார்கன் தெருமுனைவரை கேட்கும், ஒரு பாட்டும் முழுசாக வராது. தையற்கடைக்காரர் அளவெடுக்கும்போது வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே வம்பு பேசுவார். ஒவ்வொரு வீட்டையும் கையில் எடுத்தால்தான் அந்த வீட்டின் பேச்சு வந்தது. கீழே வைத்தால் நின்றுவிட்டது. அன்றுமுதல் ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தார்கள்.

அதனால்தான் அவர் ஒட்டவில்லை. இதை விளக்கியாக வேண்டும். கட்டி முடித்த கட்டடத்தைப் பலகையோடு ஒட்டி, அடியைச் சுற்றிப் பொடிமண் தூவிவிடுவது அந்தச் சங்கத்தின் வழக்கம். ஒட்டியது சங்கத்தின் உடைமை. ஒட்டாமல் கிடப்பதோ சோதனைக்குச் செய்து பார்த்தது, கழித்துப் போட்டது; வரும் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கலாம். கார்டு பலமுறை நினைவூட்டினார். சாயம் காயட்டும் என்று பல்லுக்காரர் மழுப்பினார். உங்கள் சாயம் காய்வதற்குள் நிஜத் தெருவையே திரும்பக் கட்டிவிடுவார்கள் என்று கார்டு சிரித்தார். ஒட்டிவிட்டால் அவள் எப்படி எடுப்பாள் என்பதைப் பல்லுக்காரர் அப்போது சொல்லியிருக்கலாம். தன் மறதியைச் சொல்லக் கூடாது என்று அவள் வாக்கு வாங்கியிருந்தாள். நினைவு தெளிவாக இருந்த கடைசி நாள்களில், "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பாவம்னு பார்ப்பாங்க, அது எனக்கு ஆகாது," என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். சங்கத்தில் இருந்தவர்கள், பல்லுக்காரரின் மனைவிக்கும் ரயில்மேல் ஆசை போலிருக்கிறது என்றே எண்ணியிருந்தார்கள்.

அக்டோபர் எட்டாம் நாள் பொதுமக்களுக்குக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல், இருவரும் போகவில்லை. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். பிள்ளைகளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த சிறு கொடிகள் வந்து சேரவில்லை. கார்டின் கண் பின்கோடியில் விழுந்தது. ஒட்டாத தெரு, வரிசையாக, கைக்கு அடக்கமாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். அங்கே பச்சைச் சாயம் பூசிய பலகை மட்டும் இருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து, துணியின் சுருக்கத்தை நீவுவதுபோல மெல்ல நீவினாள். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மறுபடியும் இடிச்சிட்டாங்களா?"

நடந்ததை அறிந்தபின் அவர் கார்டை ஓரமாக அழைத்துச் சென்று, காத்த வாக்கை உடைத்து, எல்லாவற்றையும் சொன்னார். கார்டு அச்சகத்தின் காகிதக் கட்டுமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒட்டாம வெச்சிருந்தீங்களேண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கண்ணுல வெச்சுக் காத்திருக்க மாட்டோமா?"

அது உண்மை. உண்மையாக இருந்ததனால்தான் பல்லுக்காரரால் அவரைத் திட்டவும் முடியவில்லை. ஆனால் இதை எழுதுகிறபோது கேட்காமல் இருக்க முடியவில்லை: ஒட்டாத ஒரு பொருளுக்கு உடையவர் இல்லை என்று முடிவு செய்வதற்குமுன், செய்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கார்டு சும்மா இருக்கவில்லை. கதவில் அறிவிப்பு ஒட்டினார். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். சில வீடுகள் திரும்பி வந்தன. கம்பவுண்டர் வீடு கூரையில்லாமல் வந்தது. தையற்கடையை ஒரு தாய், பிள்ளையின் கை பட்டதாயிற்றே என்று சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சன்னல்கள் கரைந்து, பல் விழுந்த வாயாகிவிட்டிருந்தது. வெளிப்படி வைத்த மாடிவீடு வரவில்லை. அன்று எடுத்த படங்களையெல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். எல்லாப் படத்திலும் எஞ்சின் பளிச்சென்று தெரிந்தது. அதன் பின்னால் தெரு, மூடுபனிபோல.

பல்லுக்காரர் மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்தார். அக்காவோடு அதே வீட்டில் வளர்ந்தவர் அல்லவா என்பது நம்பிக்கை.

"அத்தான், அந்தத் தெருவை விட்டு வரும்போது நான் அரைக்கால் சட்டை. எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒரு நாய்தான். அது எந்த வீட்டு நாய்னு கேட்டுடாதீங்க, அதுவும் தெரியாது," என்று மைத்துனர் சிரித்தார். பிறகு அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். அவள் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, யாரோ தம்பி என்று சொல்கிறார் என்று திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியில் அந்த மாடிவீட்டை அவரே திரும்பக் கட்டினார். தொழிலில் எந்த வாய்க்கும் அச்சு இருக்கும். பல்வரிசை உடைந்தால் மறுபடி வார்த்துக்கொள்ளலாம். இந்த வீட்டுக்கு அச்சு எடுக்கவில்லை. இன்னும் கீழே, இன்னும் இடப்பக்கம் என்று அவள் திருத்திய திருத்தங்கள் ஒன்றா இரண்டா? அவற்றில் பாதியைக் கை மறந்திருந்தது. அந்த இரவுகளில் அவர் வீட்டை எங்கே பார்த்தார்? அவள் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் எத்தனை பலகை, உடைந்த மூலை வலமா இடமா என்று அவளிடமே கேட்டார். எந்த வீட்டைச் சொல்கிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். இவராக ஒரு மூலையை உடைத்து வைத்தார்.

புதிய வீட்டை மாலையில் அவள் கையில் கொடுத்தார். பிறர் வீட்டுக் குழந்தையை வாங்குவதுபோலப் பதமாக வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். கூரையைக் கழற்றவில்லை.

"நல்லா இருக்குங்க. யாரோட வீடு?"

அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவரும் செருப்பை மாட்டிக்கொண்டார். போவதற்கு இடமில்லாமல் இருவரும் தெருக்கோடிவரை நடந்துவிட்டுத் திரும்பினார்கள். நாள்தோறும் இப்படித்தான் நடக்கிறார்கள். சில மாலைகளில் வாசலுக்கு வந்தபின், எதற்காக வந்தோம் என்பதை அவள் மறந்துவிடுகிறாள். அவருக்கு அதுதான் அச்சமாக இருக்கிறது.

ஆகவே, இதை வாசிக்கிறவரே, எழுந்துபோய் உங்கள் வீட்டு அலமாரியைப் பாருங்கள். பிள்ளையின் விளையாட்டுப் பெட்டியைத் தரையில் கொட்டிப் பாருங்கள். கூரை ஈறு நிறத்தில், படி வெளிப்பக்கத்தில், உள்ளங்கையில் அடங்குகிற மாடிவீடு ஒன்று இருந்தால், அதைக் கழுவாதீர்கள், சாயம் பூசாதீர்கள், உடைந்த மூலையைச் சரிசெய்யாதீர்கள். கதவு போயிருந்தால் கதவில்லாமலே கொண்டுவாருங்கள். பிள்ளை அழுதால், அது கேட்கிற வீட்டைப் பல்லுக்காரர் செய்து கொடுப்பார். அவருக்கு அது ஒரு வாரத்து வேலை. அச்சகத்தின் மாடிக்கதவு ஞாயிறுதோறும் திறந்திருக்கும். மற்ற நாள்களில் கார்டு வந்து திறப்பார். அவள் கேட்பதை நிறுத்துவதற்குள் அந்த வீட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுங்கள்.