பதினொன்றே கால் வெயில்

அலமாரிக்குள் எங்கேயோ மனைவியின் போன் அடித்துக்கொண்டிருந்தது. மடித்து அடுக்கியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டிலில் போட்டுத் தேடினார் ஆப்சென்ட் சார். ஹாலில் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தவளுக்கு மட்டும் இது தெரிந்திருந்தால், "ஒருத்தி மடிக்கணும், ஒருத்தர் கலைக்கணும், நல்ல குடும்பம்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்க மாட்டாள்.

போன் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. நேற்று ஆஸ்பத்திரியில் அவள் வேலை பார்த்த கடைக்காரர்கள் கொடுத்த கைப்பை. அவரேதான் அலமாரியில் வைத்தார், அவரேதான் மறந்தார். காதில் வைத்து வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் ஒரு பெண் குரல் ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, பாப்பா ஸ்கூல் ஆபீஸ்லருந்து. இன்னிக்கு அவ வரலைன்னு லிஸ்ட்ல இருக்கு. புதன்கிழமைதான், சரி. ஆனா இந்த மாசத்துக்கு எடுத்தாச்சேக்கா? போன வாரம்தானே காய்ச்சல் போட்டேன். மறுபடியும் காய்ச்சல்னா ஹெட்மிஸ்ட்ரஸ் ரத்தப் பரிசோதனை கேக்கும்." குரல் சிரித்தது.

ஆப்சென்ட் சாருக்கு முதலில் புரிந்தது ஒன்றுதான். மணி ஒன்பது ஐம்பது. இந்த நேரத்துக்கு இப்படிப்பட்ட போனைப் போட வேண்டியவர் அவர், எடுக்க வேண்டியவர் அல்ல.

ஊரின் மறுகோடியில் ஓர் ஆண்கள் பள்ளியில் அவர் எழுத்தர். ஒன்பதரைக்கு வகுப்புகளிலிருந்து வருகைப் பதிவேடுகள் வரும். வராத பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் போன் போட்டு, "உங்க பையன் இன்னிக்கு வரலை, காரணம் என்ன?" என்று கேட்டு எழுதுவார். பதினாறு வருடம். ஆப்சென்ட் சார் என்பது பையன்கள் வைத்த பெயர். வைத்தவர்களில் சிலர் இப்போது தகப்பன்களாகி அதே போனை எடுக்கிறார்கள். அடுத்தவர் பொய்யை எடை போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். "காய்ச்சல்" என்று சட்டென்று வந்தால் நிஜம், ஒரு சின்ன இருமலுக்கு அப்புறம் வந்தால் பொய். ஒரு தகப்பன், "எம்புள்ளய எண்ணிப் பாக்க நீங்க யாருங்க?" என்று சண்டைக்கு வருவார். ஒரு தாய், "வரலையா? சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டுல்ல போனான்!" என்று அவரிடமே விசாரிப்பாள். போன வருடம் ஒரு அம்மா மட்டும், "தூங்கறான் சார். தூங்கறப்ப பாக்க நல்லா இருக்கான். எழுப்ப மனசு வரல" என்றாள். அதை அவர் வீட்டில் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மனைவி சிரிக்கவில்லை.

"அதுக்கு என்ன எழுதினீங்க?"

"உடம்பு சரியில்லைன்னு."

"யாருக்கு? அந்தம்மாவுக்கா, பையனுக்கா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். "ஐயோ, சார்... நீங்களா? அக்கா சொல்லுவாங்க, நீங்களும் நம்ம வேலைதான்னு."

"அவங்க நேத்து சாயங்காலம் தவறிட்டாங்கம்மா."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ பையை மாட்டிக்கொண்டு ஓடுவதும், பள்ளி மணியும் கேட்டன. பிறகு மூக்கை உறிஞ்சுகிற ஒலி.

"எவ்வளவு நாளா இந்தப் புதன்கிழமை?" என்று கேட்டார் அவர். கேட்க வேண்டிய நேரமா என்று யோசிக்கவில்லை.

"ரெண்டு வருஷமா சார். மாசத்துக்கு ஒண்ணு. அக்கா மறைக்கல சார், எங்கிட்ட நேராவே வந்து சொன்னாங்க. 'எனக்கு லீவு புதன்கிழமை, அன்னிக்கு அவ இருக்க மாட்டா. அவளுக்கு லீவு ஞாயித்துக்கிழமை, அன்னிக்கு நான் இருக்க மாட்டேன். மாசத்துல ஒரு நாள் விட்டுடும்மா'ன்னாங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு சார்... இன்னிக்கு என்ன சார் போடட்டும்?"

"துக்கம்னு போடுங்க."

"எத்தனை நாள்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அந்தப் பெண்ணுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் படிவத்தில் அடுத்த கட்டம் அதுதான். அவரும் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார், மூன்று, ஐந்து என்று அவர்கள் சொன்னதை எழுதியிருக்கிறார்.

"தெரியலம்மா" என்றார். அவருடைய ஆபீஸில் அப்படி ஒரு பதிலை ஏற்றுக்கொள்வது கிடையாது.

போனை வைத்துவிட்டு, கலைத்துப் போட்ட துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். மகளின் மதிப்பெண் அட்டையில் வருகைக் கட்டத்தைத்தான் அவர் முதலில் பார்ப்பார், கணக்குப் பாடமெல்லாம் அப்புறம். மாதம் ஒரு நாள் குறைந்தது. போன வருடம் மனைவியிடம் காரணம் கேட்டார். அவள் குரலைத் தாழ்த்தி, "பொம்பளப் புள்ள. மாசத்துல ஒரு நாள் வயித்து வலி இருக்காதா? இதெல்லாமா கேப்பீங்க?" என்றாள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. பதினாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் பொய்களைக் கேட்டிருப்பார், இந்த ஒன்றுக்கு முன்னால் அத்தனையும் கத்துக்குட்டிகளின் வேலை.

மனைவிக்குப் பெரிய துணிக்கடையில் குழந்தைகள் பிரிவில் வேலை. காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஞாயிறன்று கூட்டம், லீவு கிடையாது. வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். நேற்று நாலு மணிக்கு அவள் உட்கார்ந்தாள். அதனால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது.

புதன்கிழமைகளில் அவள் துணி துவைக்கிறாள், வீடு கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு புதன் லீவு போடுங்களேன்" என்று அவள் அவ்வப்போது கேட்பதுண்டு. "நானே லீவு போட்டா, லீவு போட்டவங்களுக்கு யாரு போன் பண்றது?" என்பார். அது நல்ல ஜோக் என்று அவருக்கு ஓர் எண்ணம். போன மாதம்கூடச் சொன்னார்.

அவர் எழுந்து ஹாலுக்கு வந்தார். எங்கே போனார்கள் இந்த இரண்டு பேரும்? சினிமாவுக்கா, கடற்கரைக்கா, அவருக்குத் தெரியாத யார் வீட்டுக்காவதா? பதினொன்றுக்கு மயானத்துக்கு வண்டி வந்துவிடும். அதற்குப் பிறகும் கேட்கலாம்தான், மகள் எங்கும் ஓடிவிட மாட்டாள். ஆனால் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

குளிர்பெட்டி வாசல் பக்கச் சுவரோரம், பிளக்குக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. மகள் அதன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. நேற்றிலிருந்து அழவில்லை, பேசவில்லை. விடிகாலையில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, "அம்மாவ ஜன்னல் கிட்ட வைங்கப்பா" என்றாள். "வயர் எட்டாதும்மா" என்றார் அவர். மனைவியின் அண்ணன், "அங்க வெயில் அடிக்கும் பாப்பா, பெட்டி சூடாயிடும்" என்றார். இரண்டும் நியாயமான காரணங்கள். அவள் மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் மகள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது.

"உன் ஸ்கூல்லருந்து போன் வந்துது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் முதலில் வந்தது பயம். அவருக்கு அதுதான் சுருக்கென்றது.

"திட்ட மாட்டேன். புதன்கிழமை ரெண்டு பேரும் எங்க போவீங்க?"

"எங்கயும் போக மாட்டோம்பா."

"பரவால்ல, சொல்லு."

"நெஜமா. இங்கதான்."

"இங்கன்னா?"

"வீட்லதான். நீங்க ஏழரைக்குக் கிளம்புவீங்கல்ல? நாங்களும் கூடவே பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவோம். உங்க பஸ் மூலை திரும்பினதும் வந்துடுவோம்." அவள் பெட்டியைப் பார்த்தபடி பேசினாள். "ஒரு தடவை நீங்க டிபன் பாக்ஸ மறந்துட்டு எறங்கி வந்துட்டீங்க. அம்மா என்னை இழுத்துக்கிட்டு மருந்துக் கடைக்குள்ள பூந்துட்டா. வெளிய வரணும்னா ஏதாவது வாங்கணும்னு இருமல் மருந்து வாங்கினா."

அந்த இருமல் மருந்தை அவர்தான் குடித்துத் தீர்த்தார்.

"வீட்ல என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். சாப்டுவோம். அப்புறம் பதினொண்ணே காலுக்கு அங்க வெயில் வரும்." ஜன்னலைக் காட்டினாள். "எதிர் மாடிக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவுல சந்து இருக்குல்ல, அது வழியா. பாய் அளவுக்குத்தான். முக்கா மணி நேரம் இருக்கும், அப்புறம் தொட்டி மறைச்சுடும். அதுல கால நீட்டிக்கிட்டுப் படுத்திருப்போம். அம்மாவுக்குக் கால் வலில்ல? சூடு பட்டா நல்லா இருக்கும்பா."

பன்னிரண்டு வருடமாக இதே வீடு. அந்த ஜன்னல் வழியாக வெயில் வரும் என்பது அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு அவர் சந்தையில் இருப்பார்.

"என்ன பேசிக்குவீங்க?"

"சில நாள் அம்மா நீங்களா ஆயிடுவா. செருப்பக் காதுல வச்சுக்கிட்டு, 'வணக்கம், பள்ளி அலுவலகத்துலருந்து பேசறோம், உங்க பொண்ணு இன்னிக்கு வரலை, காரணம் என்ன?'ன்னு உங்க குரல்லயே கேப்பா. நான் ஏதாவது புதுசா சொல்லணும். சரியா சொல்லலைன்னா, 'இருமிட்டுச் சொல்ற, பொய்யி'ம்பா."

"நல்லா செய்வாளா?"

"உங்களவிட நல்லா செய்வா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்து மனைவியின் அண்ணன் ஓடிவந்து, "மாப்ள, தைரியமா இருங்க" என்று முதுகைத் தடவினார்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் மெதுவாகச் சொன்னாள். "கடைசில எப்பவும் ஒண்ணு சொல்லுவா. 'இந்த மனுஷன் ஒரு நாளாச்சும் ஆப்சென்ட் ஆனா என்ன'ன்னு."

அவர் எழுந்தார். மணி பத்தே முக்கால். மாடிப்படியேறி மேல் வீட்டுக் கதவைத் தட்டினார். எலக்ட்ரீஷியன் வீடு அது. "நீளமான வயர் ஒண்ணு வேணும்" என்றார். வாங்கிக்கொண்டு இறங்கி, மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டார்.

"பெட்டிய ஜன்னல் கிட்ட தள்ளணும். ஒரு கை பிடிங்க."

"இப்பவா? வண்டி வந்துடுமே மாப்ள! பத்து நிமிஷத்துக்காகவா?"

"ஒரு மணி நேரம் ஆகும்."

"என்னது? பதினொண்ணரைக்கு மயானத்துல நேரம் வாங்கினதே நீங்கதானே! அந்த ஆள் பன்னெண்டரையும் இருக்குன்னு சொன்னப்ப, முந்தினதையே குடுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"சொந்தக்காரங்கெல்லாம் அரை நாள் பர்மிஷன்ல வந்திருக்காங்க. என்ன காரணம்னு சொல்றது?"

அவர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். சக்கரம் வைத்த தாங்கி, கிறீச்சிட்டு நகர்ந்தது. மகள் எழுந்து, வயர் சிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே கூட நடந்தாள். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் அவள், "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றாள். தள்ளினார்கள். "இன்னும் ஒரு சாண்." தள்ளினார்கள். "போதும்."

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சரியாகப் பதினொன்று. வேறொரு நாளாக இருந்தால் அந்த டிரைவரைக் கைகுலுக்கிப் பாராட்டியிருப்பார்.

மயானத்து ஆபீஸுக்குப் போன் போட்டார்.

"பதினொண்ணரை நேரம் எங்களோடது. அது வேண்டாம். பன்னெண்டரை இருந்தா குடுங்க."

"இருக்கு சார். ஆனா மாத்தினா எழுதணும்." தாள் புரளும் சத்தம். "காரணம் என்ன சார்?"

ஆப்சென்ட் சார் போனைப் பிடித்தபடி நின்றார். வண்டி பழுது, வெளியூர்ச் சொந்தம் வரவில்லை, டாக்டர் சர்டிபிகேட் தாமதம். ஆயிரம் காரணங்கள் அவருக்குத் தெரியும், வரிசையாக வந்து நின்றன. இருமல் மட்டும் வரவில்லை.

"வீட்டுக்குள்ள கொஞ்சம் வெயில் வரும்" என்றார். "பதினொண்ணே காலுக்கு. அது போனதும் கிளம்பறோம்."

மறுமுனையில் பேனா எழுதவில்லை.

"சரிங்க சார்" என்றது குரல். "தாமதம்னு மட்டும் போட்டுக்கறேன்."

மனைவியின் அண்ணன் டிரைவரைச் சமாதானப்படுத்தக் கீழே போனார். வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தை ஆட்டிக் காதில் வைத்துப் பார்த்தார்.

முதலில் ஜன்னல் கம்பியில் ஒரு கோடாக வந்தது. பிறகு சுவரில் வழிந்து இறங்கி, பெட்டியின் கண்ணாடியில் கால்மாட்டுப் பக்கம் விழுந்தது. உள்ளே போர்வைக்கு வெளியே தெரிந்த இரண்டு பாதங்களின் மேல் நின்றது. நரம்பு புடைத்த, குதிகால் வெடித்த பாதங்கள். மிச்சம் தரையில் சரிந்து பாய் அளவுக்கு விரிந்தது.

மகள் அதில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஒரு சாண் நகர்ந்தாள். அவரும் காலை நீட்டினார். பதினாறு வருடம் ஷூவுக்குள் இருந்த பாதம், கணுக்காலுக்குக் கீழே வேறு யாருடையதோ போல வெளுத்திருந்தது. மகள் அதை வேடிக்கை பார்த்தாள்.

டிரைவர் படியேறி வந்து வாசலில் நின்றான். "சார், ரெடியா?"

அவர் திரும்பவில்லை. வெயில் அப்போதுதான் கட்டைவிரலுக்கு வந்திருந்தது.