இறங்காத ஜிப்சம்

லோகேஸ்வரன் சம்மட்டியால் தொட்டியின் வெளிச்சுவரை ஓங்கி ஓங்கி அடித்தான். கூரைப் புறாக்கள்தான் பறந்தன. உள்ளிருந்த ஜிப்சம் அசையவில்லை.

மலேசியாவில் ரவாங் பக்கத்து சிமெண்ட் ஆலை அது. முன்பெல்லாம் வரும் ஜிப்சம் காய்ந்த கட்டிகளாகப் பொலபொலவென்று கீழே அரவை மில்லுக்கு ஓடும் பெல்ட்டில் விழும். இந்த மாதம் வந்தது மலிவுச் சரக்கு, பிசைந்த மாவுபோல் ஈரம். புனல்போன்ற தொட்டியின் அடிவாயில் அப்பிக்கொண்டது. அடிக்க அடிக்க இறுகியது. ஜிப்சம் சேராமல் அரைத்தால், தண்ணீர் பட்டதுமே சிமெண்ட் கல்லாகிவிடும்.

சூப்பர்வைசர் பாலகிருஷ்ணன் வந்தார். மேனேஜர் முன்னால் தலையாட்ட மட்டுமே தெரிந்தவர்; லோகேஸ்வரன் போன்ற குத்தகை ஆட்களிடம் தொண்டை நன்றாகவே திறக்கும்.

"இன்னுமா தட்டிக்கிட்டு இருக்க? உள்ள எறங்கி குத்திவிடுலா."

"அண்ணே, மேலதான் கெட்டியா இருக்கு. அடியில பள்ளம் விழுந்திருந்தா ஆளையும் சேத்து இழுத்துக்கும். பெல்ட்ட நிறுத்துங்க, எறங்குறேன்."

"பெல்ட்ட நிறுத்துனா மில்லு நிக்கும். யாரு பதில் சொல்றது, நீயா? பயமா இருந்தா சொல்லு, கேட்டாண்ட வேற ஆளு நிக்கிறான்."

கயிறு பிடிக்க வந்தவன் தேவன், லோகேஸ்வரன் மனைவியின் தம்பி. வெறுங்கையால் மலைப்பாம்பு பிடித்த கதையைத் தாமான் குடியிருப்பில் அவன் சொல்லாத வீடில்லை. சொல்லும்போதெல்லாம் பாம்பு ஓரடி வளரும். இப்போது அந்தக் கைகள் லோகேஸ்வரன் இடுப்புக் கயிற்றின் முடிச்சை மூன்றாம் முறையாக அவிழ்த்துக் கட்டின.

"வேணாம் மாமா. அக்காகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"கயித்த மட்டும் விட்றாத."

இறங்கினான். பெல்ட்டின் உறுமல் பாதங்களில் ஏறியது. கம்பியால் ஒரு குத்து. இன்னொன்று. காலடி நழுவியது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. குளிர்ந்த ஈரம் விலாவை நெரித்தது. கத்த வாய் திறந்தான், ஜிப்சம்தான் நுழைந்தது.

"பெல்ட்ட நிறுத்துங்கண்ணே!" தேவன் அலறினான்.

"இரு, கண்ட்ரோல் ரூம்ல கேக்குறேன்," என்று பாலகிருஷ்ணன் வாக்கி-டாக்கியை எடுத்தார்.

அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னும் இருவர் ஓடிவந்து கயிற்றைப் பற்றினார்கள். லோகேஸ்வரன் இழுபட்டு மேலே வந்து விழுந்தான். மூச்சு விக்கலாக வந்தது. கீழே ஜிப்சம் சரசரவென்று இறங்கத் தொடங்கியது.

"மாமா, ஒரு பூட்ஸக் காணோமே!"

பாலகிருஷ்ணன் முகம் வெளுத்தது. "இரும்பு வெச்ச பூட்ஸாச்சே! மில்லுக்குள்ள போச்சுன்னா..."

ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பெல்ட் நின்றது. அத்தனை பேரும் டார்ச்சோடு குனிந்து, கையால் அள்ளி அள்ளிப் பூட்ஸைத் தேடினார்கள்.