எத்தனை பை எடுத்தீர்கள்?

கடையில் கொடுக்கிற பைக்குக் காசு வாங்க வேண்டும் என்று வேல்ஸில் சட்டம் வந்த புதிதில், போர்த் கரெக் ஊரின் ஒரே சூப்பர் மார்க்கெட்டில் நாள் தவறாமல் ஒரு முட்டையாவது உடைந்தது. ஐந்து பென்ஸ் கொடுக்க மனம் வராத ஜனம், பால் கேனை அக்குளில் இடுக்கி, ரொட்டியைப் பல்லில் கவ்வி, முட்டை அட்டையை மோவாயால் அமுக்கிக்கொண்டு மழையில் கார் வரைக்கும் நடந்தது. நாலாம் நம்பர் கல்லாவில் இருந்த மென்னா இதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து ஓய்ந்தாள். ஐவர் என்ற ஆட்டுப் பண்ணைக்காரரிடம் சொல்லியும் பார்ப்பாள்.

"ஐவர், அந்தக் காசு எங்க முதலாளிக்கா போகுது? கடல்நாய்க்குய்யா. ஒரு பை வாங்கினா உன் ஆட்டுப் பண்ணை முழுகிப் போயிடாது."

"கடல்நாய் என்னைக்காவது என் ஆட்டுக்குப் புல்லு போட்டிருக்கா?" என்பார் ஐவர். சொல்லிவிட்டு, அவள் பார்க்கிற பார்வைக்குப் பயந்து பையை வாங்கிக்கொள்வார்.

கடல்நாய்க்கு என்பது மென்னா செய்த ஏற்பாடு. பைக் காசை ஏதாவது ஒரு வனவிலங்குச் சங்கத்துக்குக் கொடுக்கலாம் என்று கம்பெனி சொன்னபோது, மேனேஜர் கெதின் பின்னாலேயே அலைந்து ஊர்க் கடல்நாய் ஆஸ்பத்திரியின் பெயரை எழுத வைத்தவள் அவள்தான். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. படகுத் துறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு தொட்டி, மீனை அரைக்க ஒரு மிக்ஸி. இலையுதிர்காலப் புயலில் தாயைத் தொலைத்துக் கரை ஒதுங்கும் குட்டிகளை அங்கே கொண்டுவருவார்கள். ஞாயிறுதோறும் மென்னா போய் வாளி கழுவி, குட்டியைத் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டு, தொண்டைக்குள் குழாய் விட்டு மீன் கஞ்சி ஊற்றுவாள். கடிபட்ட தழும்பு இரண்டு கையிலும் உண்டு. புருஷன் போனபிறகு அந்த வீட்டில் அவளைக் கடிக்கக்கூட ஆளில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கடை கொடுக்கிற காசு என்பதால் அந்த வருஷத்துக் குட்டிகளுக்கெல்லாம் காய்கறிப் பெயர். லீக், பார்ஸ்னிப், டர்னிப். டர்னிப்பின் படத்தைத்தான் பையில் அச்சடித்தார்கள். பெரிய கறுப்புக் கண், இப்போதுதான் அழுது முடித்த முகம். அந்த முகத்தைக் காட்டினால் கல்லுளிமங்கனும் ஐந்து பென்ஸ் எடுப்பான். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெம்பு வந்தது. தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பழைய பம்பு இருமிக்கொண்டே செத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கெட்டால் குட்டிகளுக்குக் கண் சீழ் பிடிக்கும், பிறகு பிழைக்காது. வருஷ முடிவில் வரப்போகிற பைக் காசை நம்பிப் புதுப் பம்புக்குச் சொல்லி வைத்தார்கள்.

பிப்ரவரியில் மெஷின்கள் வந்தன.

ஆறு கல்லாவில் ஐந்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாங்குகிறவரே சாமானைக் காட்டிக் காசு கட்டிக்கொள்ளும் ஆறு மெஷின்களை நட்டார்கள். மிச்சமிருந்த ஒரு கல்லாவில் சிகரெட்டும் லாட்டரிச் சீட்டும் விற்றார்கள். மென்னாவை மெஷின்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள். ஏதாவது ஒன்று அடம்பிடித்துச் சிவப்பு விளக்குப் போட்டால் ஓடிப்போய்ச் சமாதானப்படுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. பொருளையெல்லாம் காட்டி முடித்ததும் மெஷின் கேட்கும்: எத்தனை பை எடுத்தீர்கள்? திரையில் சைபரிலிருந்து ஒன்பது வரை எண்கள்.

ஊர் முழுக்கச் சைபரைத் தட்டியது.

முதல் நாள் மென்னா தன் கண்ணையே நம்பவில்லை. ஐவர் இரண்டு பை எடுத்துச் சைபர் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிற மூப்பர் மூன்று பை எடுத்துச் சைபர் தட்டிவிட்டு, அவளைப் பார்த்து அழகாகத் தலையாட்டினார். நேற்றுவரை அவள் முகத்தைப் பார்த்து ஐந்து பென்ஸுக்குப் பொய் சொல்ல நாக்கு வராத அதே ஆட்கள். கண்ணாடித் திரைக்கு முன்னால் நின்றதும் விரல் தானாகப் போயிற்று. மென்னாவுக்கு அருவருப்பாக இருந்தது.

நாலாம் நாள் மிஸஸ் ஹாப்கின் வந்தார். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே டீச்சர். கடல்நாய் ஆஸ்பத்திரியின் தலைவி. இரண்டு பை நிறைய வைன் பாட்டில்களை அடுக்கிவிட்டுச் சைபரைத் தட்டினார்.

மென்னாவால் பொறுக்க முடியவில்லை. "டீச்சர், பை ரெண்டு இருக்கே. கை தவறிச் சைபர்ல பட்டுடுச்சு போல."

"கை எங்க தவறுச்சு? சரியாத்தான் தட்டினேன்."

"நம்ம கடல்நாய்க் காசு, டீச்சர்."

"அதைத்தான் நானும் சொல்றேன். வருஷம் பூரா அந்தக் கடல்நாய்க்கு உழைக்கிறவ நான். என் காசை என்கிட்டயே வாங்கி எனக்கே கொடுக்கணுமா? நீ என்னம்மா, போலீஸ் வேலைக்குச் சேர்ந்துட்டியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மென்னாவுக்கு மூக்குடைந்து போயிற்று.

அன்று மாலையே கெதின் கூப்பிட்டான். கஸ்டமரைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடாது, அது கம்பெனிச் சட்டம். போதாக்குறைக்கு இன்னொன்றும் சொன்னான்: பைக் காசு இப்படியே விழுந்துகொண்டு போனால், ஊர்ச் சங்கத்தை விட்டுவிட்டுத் தலைநகரத்துப் பெரிய சங்கம் ஒன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்களாம்.

"அப்ப பம்பு?"

"பம்பா? அது உங்க டீச்சர் தலைவலி."

டீச்சருக்குத் தலைவலி வராது, குட்டிகளுக்குத்தான் கண் போகும் என்று மென்னாவுக்குத் தெரியும். மறுநாள் வேலை முடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு, இருப்பதிலேயே விலை குறைந்த சாமான் என்று ஒரு கேரட்டை எடுத்து மெஷினில் காட்டினாள். எத்தனை பை எடுத்தீர்கள் என்று அது கேட்டது. ஒன்பது என்று தட்டினாள். ஒரு பையும் எடுக்கவில்லை. அடுத்த மெஷினுக்குப் போய் இன்னொரு கேரட், இன்னொரு ஒன்பது. காலையில் பைக்கட்டைப் பிரித்து வைப்பதே அவள்தான். எத்தனை சும்மா போயின என்று குத்துமதிப்பாகத் தெரியும். ஊர் தட்டிய சைபர்களையெல்லாம் அவள் ஒருத்தி ஒன்பது ஒன்பதாகத் தட்டித் தீர்த்தாள். பஸ் காசு அதற்குச் சரியாகப் போயிற்று. மேட்டுத் தெருவில் வீடு. மழையிலும் காற்றிலும் நடந்தே ஏறினாள். வசந்தத்தில் டர்னிப்பைக் கடலில் விட்டபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் சரி, நன்றி காட்டவா அதை வளர்த்தோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் கெதின் மறுபடி கூப்பிட்டான். கையில் தலைமை அலுவலகத்துக் கடிதம்.

"வேல்ஸ்லயே நம்ம கடைதான் முதல், மென்னா. மத்த ஊர்ல பத்து பை போனா ஆறுக்குத்தான் காசு வருது. இங்க பத்துக்குப் பத்து. அசந்து போயிருக்காங்க."

"அப்ப பம்பு வந்துடும்."

"வந்துடும். ஆனா..." அவன் கடிதத்தை மடித்தான், பிரித்தான். "இவ்வளவு நேர்மையான ஊர்ல மெஷின் பக்கத்துல ஆள் எதுக்குன்னு கேக்கறாங்க."

மென்னாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைத் திறந்தாள். "கெதின், அந்தக் காசு..."

"சொல்லாதீங்க." கையை உயர்த்தினான். "தினம் சாயங்காலம் நீங்க கேரட் வாங்கறது எனக்குத் தெரியும். கேரட்னா உங்களுக்கு உசிருன்னு நினைச்சுக்கறேன். வாயால சொன்னீங்கன்னா நான் எழுதியாகணும். எழுதினா கணக்கு முழுக்கப் பொய்யின்னு ஆயிடும். கம்பெனி கையைக் கழுவிடும். பம்பும் போச்சு, உங்க மேல நடவடிக்கையும் வரும்."

"சொல்லலைன்னா?"

"அக்டோபரோட உங்க வேலை முடியுது. கைல ஏதோ கொஞ்சம் கொடுப்பாங்க."

இந்தக் கடையில் இருபத்திரண்டு வருஷம். ஜன்னலுக்கு வெளியே மழை சாய்வாக அடித்தது. இன்னும் மூன்று வாரத்தில் குட்டிகள் கரை ஒதுங்க ஆரம்பிக்கும். போன வருஷம் பார்ஸ்னிப் கண் தெரியாமல் தொட்டிச் சுவரில் மோதி மோதிச் செத்தது அவள் நினைவுக்கு வந்தது.

"பம்பு என்னைக்கு வருது?" என்று கேட்டாள்.

கெதின் தலையைக் குனிந்துகொண்டு தேதியைச் சொன்னான்.

மென்னாவின் கடைசி நாளும், பைக் காசை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் காசோலை விழாவும் ஒரே நாளில் அமைந்தன. கதவளவு அட்டைக் காசோலை. மூப்பர் வந்திருந்தார், ஐவர் வந்திருந்தார், உள்ளூர்ப் பத்திரிகையின் போட்டோக்காரர் வந்திருந்தார். மிஸஸ் ஹாப்கின் கண் கலங்கப் பேசினார்.

"யாரும் பாக்காதப்பவும் சரியான எண்ணைத் தட்டின ஜனங்க நாம. புதுப் பம்பு மேல பித்தளைத் தகடு ஒண்ணு அடிக்கப் போறோம்: போர்த் கரெக் மக்களின் நேர்மைக்குன்னு."

எல்லாரும் கைதட்டினார்கள். கூசவே இல்லை ஒருவருக்கும். ஒவ்வொருவனும் தான் ஒருவன்தான் சைபர் தட்டியதாகவும், மற்ற எல்லாரும் யோக்கியர்கள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தான் போலும்.

மென்னாவைக் காசோலையின் இடது ஓரத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். அவள் தலை கம்பெனிப் பெயரை மறைக்கிறது என்று போட்டோக்காரர் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளினாள். இன்னும் கொஞ்சம் என்றார். கடைசியில் படத்தில் அவளுடைய நாலு விரல்தான் விழுந்தது.

விழா முடிந்ததும் இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் வெண்ணெயும் மீன் டின்னும் எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனாள். தன் அலமாரியைக் காலி செய்ததில் சொந்தச் சாமான்களும் கைநிறைய இருந்தன. ஒரு பை எடுத்தாள். இத்தனை மாதத்தில் அவள் எடுத்த முதல் பை. ஒன்று என்று தட்டுவதற்குள் மெஷின் சிவப்பு விளக்குப் போட்டது. உதவியாளர் வருவார், காத்திருக்கவும் என்றது.

மென்னா காத்திருந்தாள். பிறகு யார் வரப்போகிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த விளக்குக்கு ஓடிவருகிறவள் இனி இல்லை.

"என்னம்மா, மாட்டிக்கிச்சா?" பின்னால் மிஸஸ் ஹாப்கின். விழாவில் கொடுத்த பூங்கொத்தும், இரண்டு வைன் பாட்டிலும் கையில். "இதெல்லாம் ரொம்ப யோசிக்கும். சைபரைத் தட்டு, விட்டுடும். நான் எப்பவும் அதான் பண்றேன்."

 திரும்பி அந்த முகத்தில் அத்தனையையும் கொட்டிவிடலாம். கொட்டினால் பம்புக்கு வந்த காசு திரும்பிப் போகும். சுவரில் டர்னிப்பின் படம் மென்னாவையே பார்த்தது. அவள் படத்தைப் பார்க்காமல் விரலை நீட்டிச் சைபரைத் தட்டினாள்.

விளக்குப் பச்சையானது. வருகைக்கு நன்றி என்றது மெஷின்.

"பாத்தியா?" என்றார் டீச்சர்.

வெளியே மழை. எட்டு மாதத்துக்குப் பிறகு பஸ்ஸுக்குக் கையில் காசு இருந்தது. மென்னா ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்தாள். பிறகு குட்டியின் முகம் தெரியாதபடி பையைத் தன் பக்கமாகத் திருப்பி அணைத்துக்கொண்டாள்.